மடுவில் இறக்கிய குழல்

மட்டக்களப்பு என்று சொன்னால் போதும், எதிரே இருப்பவர் உடனே உங்கள் வாவியில் மீன் பாடுமாமே, உண்மையா என்று கேட்பார். ஆரம்பத்தில் பொறுமையாக விளக்கம் சொன்னேன். பிறகு சிரித்து மழுப்பினேன். இப்போது, பாடும், வயலினும் வாசிக்கும் என்று சொல்லி வாயை அடைத்துவிடுகிறேன். எனக்கு முன்கோபம் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் இந்தக் கேள்விக்கு வருகிற கோபம் வேறு. எங்கள் வாவிக்குள் ஒரு சத்தத்தை நானே கட்டி, நானே இறக்கினேன். அதைக் கேட்டவர்களில் ஒருவர்கூட அதை மீனின் பாட்டு என்று நினைக்கவில்லை. அந்தக் கதையை முழுதாக நான் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை, அந்தப் பக்கம் படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை என்று எங்கள் ஆட்கள் எப்போதோ வைத்த பெயர்கள். எழுவான்கரையில் ஆமி, படுவான்கரையில் இயக்கம், நடுவில் தண்ணீர். நான் எழுவான்கரையில் தேற்றாத்தீவில் இருந்தேன். பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பகுதியில் உதவி விரிவுரையாளர் வேலை. பஸ்ஸில் போகும் வழியில் எத்தனை சென்றி, எங்கே இறங்கி நடக்க வேண்டும் என்பதெல்லாம் அன்றன்றைய நிலவரம். என் கைப்பையைத் திறந்த சிப்பாய்கள் உள்ளே சோற்றுப் பார்சலையும் நாலைந்து றப்பர் வளையங்களையும் கண்டு, ஒன்றும் விளங்காமல் திருப்பித் தருவார்கள்.

றப்பர் வளையங்கள் எதற்கென்றால், எங்கள் பேராசிரியருக்கு ஒரு கனவு இருந்தது. கடலுக்குள் சத்தம் போகும் வேகம் தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது. தண்ணீர் கொஞ்சம் சூடானால் சத்தம் கொஞ்சம் விரைவாகப் போகும். ஆகவே கடலில் ஓரிடத்தில் ஒரு சத்தக் கருவியை வைத்து, ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒரு காதை வைத்து, சத்தம் போய்ச்சேர எடுக்கும் நேரத்தை வருஷக்கணக்காக அளந்தால், கடல் சூடாகிறதா, நீரோட்டம் எங்கே திரும்புகிறது என்பதையெல்லாம் அறியலாம். பணக்கார நாடுகள் அப்படிக் கருவிகள் வைத்திருந்தன. நம்மைப் போன்றவர்கள் ஒரு பட்டறையில் செய்துகொள்ளக்கூடிய மலிவான கருவி ஒன்றை வடிவமைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. செய்யும் வேலை என் தலையில் விழுந்தது.

கீச்சென்ற சத்தம் தண்ணீரில் கொஞ்சத் தூரம் போய்க் களைத்துவிடும். தாழ்ந்த சத்தம்தான் நெடுந்தூரம் போகும். ஆனால் தாழ்ந்த சத்தம் வேண்டுமென்றால் நிறையத் தண்ணீரைத் தள்ள வேண்டும். தண்ணீர் காற்றைப் போல இளகிக் கொடுக்காது. கோயில் திருவிழாவுக்குக் கட்டும் ஒலிபெருக்கியைத் தண்ணீருக்குள் இறக்கினால் அது அந்த நிமிஷமே கிழிந்துபோகும். கடைசியில் ஒரு குழலில் வந்து நின்றேன். என்னைவிடச் சற்று நீளம், ஒரு முனையில் அதிரும் தட்டு, மறு முனை திறந்தபடி. தட்டு மயிரிழை அசைந்தால் போதும். குழலுக்குள் இருக்கிற தண்ணீருக்கு ஒரு சொந்த ஆட்டம் உண்டு. ஊஞ்சலை அதன் நேரம் பார்த்துத் தள்ளினால் எப்படிச் சின்னத் தள்ளலிலேயே உயரப் போகுமோ, அப்படி அந்தத் தண்ணீர் தானே பெரிதாக ஆடத் தொடங்கிவிடும்.

அது போடும் சத்தம் எண்பது செக்கன் நீளம். தாழ்வாகத் தொடங்கி, காதுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்ல மெல்ல உயரும். கப்பல், திமிங்கிலம், மழை என்று கடலில் ஏற்கெனவே இருக்கிற சத்தங்களிலிருந்து பிரித்துப் பார்க்க அந்த ஏற்றம் வேண்டும். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. நேரம் தவறவே கூடாது, ஒரு செக்கன் பிழைத்தால் கணக்கில் ஒரு மைல் கடல் பிழைக்கும். இதையெல்லாம் செய்துவிட்டேன். முதல் நாள் தொட்டியில் போட்டுக் கேட்டபோது ஓர் ஆண்பிள்ளை வாயை மூடிக்கொண்டு முனகுவது மாதிரி இருந்தது. ஆய்வுகூடத்தில் எல்லோரும் சிரித்தோம்.

என்னால் முடியாமல் போனது தண்ணீரை வெளியே நிறுத்துவது. மோட்டாரும் மணிக்கூட்டுச் சுற்றும் இருக்கிற பெட்டிக்குள் எப்படியோ தண்ணீர் வந்தது. றப்பர் வளையம் போட்டேன், மெழுகு ஊற்றினேன், இரண்டு வளையம் போட்டேன். ஒரு கிழமை கிணற்றுக்குள் இறக்கிவிட்டுத் தூக்கித் திறந்தால் உள்ளே அரைக் கோப்பைத் தண்ணீர் நிற்கும். ஒரு நாள் ஆத்திரத்தில் அந்தப் பெட்டியைக் காலால் உதைத்து, பெருவிரல் வீங்கி, மூன்று நாள் செருப்புப் போட முடியாமல் திரிந்தேன். அந்த நொண்டலைப் பார்த்துத்தான் அண்ணன் என்ன நடந்தது என்று விசாரித்தான்.

அண்ணன் மண்டூரில் இருந்தான். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். அவனும் அப்படிப் போய், மச்சாளின் வீட்டு முற்றத்தில் தகரக் கொட்டில் ஒன்று போட்டு, வயலுக்கு நீர் இறைக்கும் மிசின்களைத் திருத்திக்கொண்டிருந்தான். அவன் மனைவியும் நானும் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கிழமைக்கு ஒரு தடவை துறையில் படகேறி எங்களைப் பார்க்க வருவான். என் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உனக்குப் படிப்பு மட்டும்தான் கிடக்கு," என்றான். "உள்ளுக்க காத்த வெச்சுத்து தண்ணிய வராத எண்டா அது வராம என்ன செய்யும்? காத்து அமத்தினா நசுங்கும். உள்ளுக்க எண்ணைய நிரப்பு. எண்ணைய நசுக்க ஏலா. பொறகு தண்ணிக்கு அங்க என்ன வேல?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அது சரியான விடை. உள்ளேயும் வெளியேயும் ஒரே அழுத்தம் இருந்தால் கசிவதற்குக் காரணமே இல்லை. எண்ணெய் நிரப்பினேன். தண்ணீர் வருவது நின்றது. இப்போது எண்ணெய்தான், மோட்டாரின் தண்டு வெளியே வரும் இடத்தில் சொட்டுச் சொட்டாகக் கசிந்தது. அதற்கு நீர்மிசின்களில் கசிவை அடைக்கப் போடும் ஒரு வகை சீல் வேண்டும். தன் கொட்டிலில் பழையது ஒன்று இருக்கிறது, அடுத்த கிழமை வரும்போது கொண்டுவருகிறேன் என்றான். அடுத்த கிழமை மட்டும் பொறுக்க என்னால் முடியவில்லை. மண்டூருக்குப் போன ஒருவரிடம், நாளைக்கே கொண்டுவா, இல்லாவிட்டால் இனி இந்தப் பக்கம் வராதே என்று சொல்லி அனுப்பினேன். நான் அப்படித்தான் பேசுவேன். அவனும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை.

அன்று காலை மச்சாள் மறித்திருக்கிறாள். துறைப் பக்கம் நிலைமை சரியில்லை என்று ஆட்கள் கதைத்தார்கள், மத்தியானம் பார்த்துப் போகலாமே என்று. "ஐயோ, தங்கச்சி கத்துவாள்," என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டானாம். அவன் என்னிடம் வந்து சேரவில்லை. திரும்பி வீட்டுக்கும் போகவில்லை. துறைக்குக் கொஞ்சம் முன்னால் சைக்கிளில் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு கண்டவர் ஒருவருமில்லை.

ஒரு மாதம் கழித்து அந்த மிசின் சீல் ஒன்றைக் காத்தான்குடியில் ஒரு இரும்புக்கடையில் வாங்கினேன். அந்த நாட்களில் எங்களாட்கள் முஸ்லிம்களின் ஊருக்குள் போகப் பயந்தார்கள், அவர்கள் எங்கள் ஊருக்குள் வரப் பயந்தார்கள். அந்தப் பயத்தில்தான் முதலிலேயே அங்கே போய்க் கேட்கவில்லை. கடைக்காரர் இராக்கைத் தட்டுக்குள் கையை விட்டு ஒரு டசினை எடுத்து மேசையில் போட்டார். "இது எப்பவும் கிடக்கிற சாமான்தானே புள்ள, முன்னமே வந்திருக்கலாமே," என்றார். நான் கடைக்குள்ளேயே குந்தியிருந்து அழுதேன். அந்த மனுசன் பாவம், என்ன ஏது என்று தெரியாமல் ஒரு போத்தல் சோடாவை உடைத்துத் தந்தார்.

மச்சாளும் நானும் தேடாத இடமில்லை. முகாம் முகாமாகப் போனோம், இயக்கக்காரரிடமும் போனோம். எல்லோரும் பெயரை எழுதிக்கொண்டு, எங்களிடம் இல்லை என்றார்கள். இவ்வளவுக்கும் மச்சாள் என்னைப் பார்த்து ஒரு சொல் சொன்னதில்லை. நீ கூப்பிட்டதால்தானே போனார் என்று ஒரு தடவை ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவளோ பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்குவாள். நெற்றியில் பொட்டு அப்படியே இருக்கும். உயிரோடு இருக்கிற மனுசனுக்குச் செத்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டியைச் செய்வதா என்று சொந்தக்காரர் வாயையெல்லாம் அடைத்துவிட்டாள். அந்த விஷயத்தில் நானும் அவள் பக்கம்தான் நின்றேன்.

குழலை நீரில் இறக்கும் நாள் அதற்குப் பிறகுதான் வந்தது. கடலில் இறங்கத் தடை. ஆகவே வாவிக்குள் வைத்து, ஒரு வருஷம் நிறுத்தாமல் வேலை செய்கிறதா என்று மட்டும் பார்ப்போம் என்று முடிவாயிற்று. வாவியில் தண்ணீர் குறைவு. தாழ்ந்த சத்தத்துக்கு அந்த ஆழம் போதாது, அரை மைலுக்குள் அடங்கிவிடும். ஆயிரம் மைல் போகச் செய்த கருவி ஒரு வாவிக்குள் கிடந்து முனகப்போகிறது என்று பேராசிரியர் மனவருத்தப்பட்டார். ஆமி முகாமில் அனுமதி கேட்டபோது பெரிய அதிகாரி ஒருவர் குழலைத் தட்டிப் பார்த்து, "குண்டு இல்லேதானே?" என்று கேட்டார். பிறகு காதை வைத்துக் கேட்டார். வாவியில் அதிக ஆழமான மடு எதுவென்று நான் முன்னமே வரைபடத்தில் குறித்திருந்தேன். அந்த இடத்தைக் கடதாசியில் எழுதிச் சீல் அடித்துத் தந்தார்கள்.

தோணிக்காரர் நாற்பது வயசு மதிக்கத்தக்க மனிதர். வாவியில் பிறந்து வளர்ந்தவர். மடு தெரிந்ததும் துடுப்பு வலிப்பதை நிறுத்திவிட்டார்.

"இதுக்க வேணா மிஸ். வேற இடம் பாப்பம்."

"ஏன்? ஆழம் இஞ்சதானே?"

"ஆழம்தான். அதாலதான் வேணாங்கிறன்."

"பேய் பிசாசு எண்டு கதைக்கிறதெண்டா இப்பவே சொல்லுங்க, நான் வேற தோணி பாக்கிறன்," என்று கத்தினேன். கையில் சீல் அடித்த கடதாசி. அதை அவர் முகத்துக்கு நேரே ஆட்டினேன் என்று இப்போது நினைக்கவே கூசுகிறது.

அவர் துடுப்பைத் தோணிக்குள் எடுத்து வைத்தார். தன் தலையைக் குனிந்து காட்டி, "இதில கைய வெச்சுச் சத்தியம் பண்ணுங்க. நான் இருக்குமட்டும் ஒருத்தருக்கும் சொல்றல்ல எண்டு. தெரிஞ்சா என்னையும் கொண்டுவந்து இதுக்கதான் போடுவாங்க," என்றார். என்ன விளையாட்டு இது என்ற எரிச்சலில்தான் கையை வைத்தேன். அதுவரை மிஸ் என்று கூப்பிட்டவர் அப்போது தங்கச்சி என்றார். உங்கட அண்ணன் இதுக்கதான் கிடக்கார் தங்கச்சி, என்றார்.

அண்ணன் காணாமல் போன மறுநாள் விடியற்காலை அவர் கண்டல் பற்றைக்குள் இறால் கூடு தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். இரண்டு தோணி வந்தது. கைகள் கட்டப்பட்ட ஐந்து பேர், கல்லுக் கட்டிய கயிறு. கிழமைக்குக் கிழமை துறையில் காணும் முகத்தைத் தெரியாமல் போகுமா என்று கேட்டார். கொண்டுவந்தவர்கள் யார் என்பதையும் சொன்னார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்த வருஷங்களில் எங்கள் ஊரில் துவக்கு வைத்திருந்தவர்கள் ஒரு கூட்டம் மட்டும் இல்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்டால், குழலை அங்கேதான் இறக்கினேன். அனுமதி அந்த இடத்துக்குத்தான், மாற்றினால் காரணம் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். உண்மை வேறு. அவன் அங்கே தனியே கிடக்கக்கூடாது என்று நினைத்தேன். அவன் சொன்ன எண்ணெய் நிரம்பிய பெட்டி அவனோடு கிடக்கட்டும் என்று நினைத்தேன். பைத்தியக்காரத்தனம்தான். சங்கிலி விரலை உரசிக்கொண்டு இறங்கியது. அது அடியில் முட்டி நின்றபோது தோணி விளிம்பில் சாய்ந்து வாந்தி எடுத்தேன். தோணிக்காரர் முதுகைத் தடவிவிட்டார்.

மீன் பாட்டு என்று பாலத்தில் நின்று வெளியூர்க்காரர் கேட்பதெல்லாம் வேடிக்கை. எங்கள் வாவிக்காரர் தண்ணீருக்குள் கேட்க வேண்டுமென்றால் துடுப்பை ஆழமாக இறக்கி, மேல் முனையில் காதை வைப்பார்கள். இறால் நெறுநெறுப்பதும் மீன் கூட்டம் உறுமுவதும் மரத்தின் வழியே ஏறிவரும். எத்தனையோ தலைமுறைப் பழக்கம். நான் அதை மறந்தே போனேன். ஆறு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் யாராவது ஒருவர் அந்தப் பக்கம் துடுப்பை இறக்கிக் காதை வைப்பார், ஓர் ஆண்பிள்ளை எண்பது செக்கன் முனகுவதைக் கேட்பார் என்று வரைபடம் போட்ட எனக்குத் தோன்றவே இல்லை. அந்த மடுவைப் பற்றி ஊருக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருந்தது என்பதும் தெரியவில்லை.

மூன்று மாதத்தில் கதை இரண்டு கரையிலும் பரவிவிட்டது. மடுவுக்குள் தாட்டுவிடப்பட்டவர்கள் முனகுகிறார்கள் என்று. பன்னிரண்டு மணிக்கு அந்தப் பகுதியில் வலை இறக்க மாட்டார்கள். சிரட்டையில் கற்பூரம் கொளுத்தி மிதக்க விட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் வாடகைக்குத் தோணி பிடித்து வந்து காதை வைத்துவிட்டு, இது என்ட மகன்தான் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு போனார்கள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. ஒரு பின்னேரம் கரையில் நின்றவர்களைக் கூட்டி, ஒரு துண்டுக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு, இது மிசின், மோட்டார், பற்றரி என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு மீன்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மிசின் எண்டா ஒரே மாதிரியெல்லோ சத்தம் போடும்? இது மூச்சப் புடிச்சு மேல மேல எழும்புதே மிஸ்," என்றார். அந்த ஏற்றத்தை வைத்தது நான்தான்.

அதற்குப் பிறகு ஒரு நாள் மச்சாள் வந்தாள். படுவான்கரையிலிருந்து வர அப்போது பாஸ் எடுக்க வேண்டும், ஒரு கிழமை அலைந்து எடுத்திருந்தாள். மெலிந்துபோயிருந்தாள். கையில் ஒரு துணிப்பை. வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"மச்சாள், என்ன ஒருக்காத் தோணியில கொண்டு போங்க. பன்னிரண்டு மணிச் சத்தத்த நான் கேக்கோணும்."

பையைத் திறந்து காட்டினாள். உள்ளே மடித்த வெள்ளைச் சேலை.

"இது என்னத்துக்குகா?" என்றேன்.

"அது அவர்தான் எண்டா அதிலயே தாலியக் கழட்டித் தண்ணியில விட்டுத்து, இதக் கட்டித்து வீட்ட போறன். இனி ஏலா மச்சாள். இருக்கார் எண்டு நினைக்கவும் ஏலா, இல்ல எண்டு நினைக்கவும் ஏலா. அரிசி போடக்குள்ள ஒரு சுண்டு கூட்டிப் போடுறதா குறைக்கிறதா எண்டு தெரியாம அடுப்படியில நிக்கன். ஒண்டில் அது, ஒண்டில் இது. இண்டைக்கு எனக்குத் தெரியோணும்."

அவள் கதைக்கும்போது நான் அவளுடைய கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொண்டு போக மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வீட்டில் வைத்தே எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். தோணிக்காரரின் தலையில் கை வைத்ததை, மண்டூருக்குச் சொல்லி அனுப்பிய வார்த்தையை. வாங்க போவம், என்று மட்டும் சொன்னேன்.

அதே தோணிக்காரர்தான் வலித்தார். வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்துவிட்டார். நல்ல வெயில். மடுவுக்கு மேலே நின்றோம். பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது அவர் துடுப்பை இறக்கிப் பிடித்துக்கொள்ள, மச்சாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து, மேல் முனையில் காதை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். நேரம் துளிகூடப் பிழைக்கவில்லை. அவளுடைய முகம் மாறியதிலிருந்து சத்தம் தொடங்கிவிட்டது என்று தெரிந்தது. ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணத் தொடங்கினேன். நாற்பதுக்கு மேலே அவளுடைய உதடுகள் அசைந்தன. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. கை மெல்லக் கழுத்துக்குப் போய்த் தாலிக்கொடியைப் பிடித்தது. எண்பது முடிந்த பிறகும் அவள் காதை எடுக்கவில்லை.

நிமிர்ந்தபோது கன்னத்தில் துடுப்பின் ஈரம் ஒட்டியிருந்தது.

"மச்சாள், ஊரார் எல்லாரும் ஒண்டு சொல்றாங்க. நீங்க படிச்சவங்க, நீங்க ஒருநாளும் எனக்குப் பொய் சொன்னல்ல. உங்கட வாயால சொல்லுங்க. இது உங்கட மிசின்தானா?"

"ஓம்," என்றேன். "என்ட மிசின்தான். நான்தான் செஞ்சன். குழாயும் தட்டும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் கை தாலிக்கொடியை விட்டது. "அப்ப இதுக்க அவர் இல்ல," என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். தோணிக்காரர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. அடுத்த ஒரு சொல்தான் மிச்சம். இருக்கார் மச்சாள், இதுக்கதான் இருக்கார், நான் கூப்பிட்டதாலதான் வந்து கிடக்கார். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சத்தியம் பண்ணியிருக்கிறேன், இந்த மனுசனின் உயிர், என்று அப்போது நினைத்தேனா? இல்லை. அவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்றுதான் நினைத்தேன். எனக்குப் பயம். வேறு ஒன்றுமில்லை.

நான் பேசாமல் இருந்ததை அவள் ஓம் என்று எடுத்துக்கொண்டாள். அழுதாள், சிரித்தாள், இரண்டும் சேர்ந்து வந்தது. "பாருங்க என்ட விசர்ப் புத்திய! வெள்ளச் சீலையையும் தூக்கித்து வந்திருக்கன். அந்தாள் எங்கயோ மறியல் சிறையில கிடந்து என்னய ஏசிக்கொண்டிருக்கும்," என்றாள். பிறகு தோணி விளிம்பில் குனிந்து, அந்த மடுவின் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி முகம் கழுவினாள். ஈரக் கையால் பொட்டு அழிந்துவிட்டதா என்று என்னிடம் கேட்டாள். இல்லை, கிடக்கு, என்றேன்.

அன்று வீட்டில் எங்களோடு இருந்து இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள். அடுத்த முகாமுக்கு எப்போது போவோம் என்று கேட்டாள்.

குழல் ஒரு வருஷம் முழுதாக வேலை செய்தது. தூக்கும்போது வெளியெல்லாம் சிப்பியும் பாசியும் பிடித்து அடையாளம் தெரியவில்லை. பெட்டியைத் திறந்தோம். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, எண்ணெய், ஊற்றிய அன்று இருந்த நிறத்திலேயே இருந்தது. பேராசிரியர் கைதட்டினார். என்ன மாதிரி ஒரு யோசனை, எண்ணெய் நிரப்ப உனக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டார். எனக்குத் தோன்றவில்லை சேர், என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றேன். கொஞ்ச நாளில் சண்டை இன்னும் கடுமையானது. கருவி, கடல் என்ற பேச்செல்லாம் நின்றது. சத்தம் நின்றதை ஊர் கவனித்தது. அவர்கள் சாந்தி அடைந்துவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

எனக்கு மட்டும் நிற்கவில்லை. இன்றைக்கும் பன்னிரண்டு மணி நெருங்கும்போது வகுப்பில் என் குரல் தடுமாறும். மனசு தானாக எண்ணத் தொடங்கும். எண்பது வரும் வரைக்கும் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று எதையாவது எழுதிக்கொண்டிருப்பேன். பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது.

தோணிக்காரர் சுனாமிக்கு இரண்டு வருஷம் முன்பு காய்ச்சலில் செத்துப்போனார். சத்தியத்தின் தவணை அன்றோடு முடிந்தது. செத்த வீட்டிலிருந்து நேரே மண்டூருக்குப் போவது என்று வெளிக்கிட்டு, துறை வரைக்கும் போய், படகு வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, திரும்பி வீட்டுக்கு வந்தேன். பிறகு சண்டையும் முடிந்தது. மச்சாள் இப்போதும் பொட்டு வைக்கிறாள். காணாமல் போனவர்களின் சொந்தக்காரர் படத்தைப் பிடித்துக்கொண்டு வெயிலில் இருக்கும் இடங்களுக்கெல்லாம் போகிறாள். நானும் போகிறேன். புதிது புதிதாக யாராவது விசாரிக்க வருவார்கள், ஒவ்வொருவரும் ஒரு படிவம் தருவார்கள். எழுதுவது என் வேலை, ஏனென்றால் நான் படித்தவள்.

போன மாதமும் ஒன்று வந்தது. கடைசியாகக் காணப்பட்ட இடம் என்ற கட்டத்தில் வந்து நின்றேன்.

"துறை எண்டு எழுதுங்க மச்சாள்," என்றாள். வழக்கமாக அதோடு விட்டுவிடுவாள். அன்று விடவில்லை. பக்கத்தில் இருந்தபடியே என் முகத்தைப் பார்த்தாள். "உங்களிட்ட வரத்தானே அண்டைக்கு வெளிக்கிட்டவர். உங்களுக்கு ஒண்டு தெரிஞ்சா, எனக்குச் சொல்லாம இருப்பீங்களா?"

அண்ணன் அன்று என்னிடம் வர வெளிக்கிட்டதை வைத்து, இத்தனை வருஷத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"என்னெண்டுகா சொல்லாம இருப்பன்?" என்றேன்.

துறை என்று எழுதினேன். கீழே, மேற்கூறியவை யாவும் உண்மை என்பதற்குச் சாட்சி என்று இருந்த இடத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தேன். அவள் மை காயட்டும் என்று படிவத்தில் ஊதினாள். பிறகு அதை இரண்டாக மடித்துக்கொண்டு, வரிசையில் இடம் பிடிக்க எழும்பிப் போனாள்.